பின்படி வழியே வந்தவள்

பெரிய யுத்தம் தொடங்குவதற்கு இரண்டு வருஷம் முந்தி, சித்திரை மாதக் கடைசியில், பாளையங்கோட்டைக்கு வெளியே தாமிரவருணிக் கரையில் இருந்த ஒரு பெரிய ஓட்டலில் இது நடந்தது. வெள்ளைக்காரர்கள் தங்குவதற்கென்றே கட்டிய ஓட்டல். அங்கே நான் தையல் வேலைக்கும் துணி அறைக்கும் பொறுப்பாக இருந்தேன். அப்போது எனக்கு இருபத்தேழு வயது.

போன மாதம் ஒரு பத்திரிகையில் அந்தக் கட்டடத்தின் படம் போட்டு, அதன் அழகைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருந்தார்கள். எழுதியவர் தேக்குப் படிக்கட்டைப் பற்றியும் வண்ணக் கண்ணாடிகளைப் பற்றியும் உருகியிருந்தார். தப்பில்லை. ஆனால் அவர் முன்படி வழியே ஏறிப் போய்ப் பார்த்திருக்கிறார். நான் பின்படி வழியே ஏறியவள். அதனால்தான் இதை எழுதத் தோன்றியது.

அழகான கட்டடம்தான், இல்லையென்று சொன்னால் நாக்கு அழுகிப் போகும். இரட்டைக் குதிரை வண்டி உள்ளே வந்து திரும்பிப் போகிற அளவுக்குப் போர்டிகோ. கட்டிப் பிடித்தால் கைக்குள் அடங்காத தூண்கள். அவற்றின் மேல் முட்டை வெள்ளைக்கருவும் சுண்ணாம்பும் சேர்த்து அரைத்துத் தேய்த்த பூச்சு; கத்திரி வெயிலிலும் கன்னத்தை வைத்தால் சில்லென்று இருக்கும். நானே வைத்துப் பார்த்திருக்கிறேன், யாரும் இல்லாத சமயத்தில். மாடியில் வரிசையாக எட்டு அறைகள். ஒவ்வொரு கதவுக்கு மேலும் அரைவட்டமாகச் சிவப்பும் பச்சையுமாகக் கண்ணாடி பதித்திருப்பார்கள். சாயங்கால வெயில் அதன் வழியாக விழுந்தால் வெள்ளை விரிப்பெல்லாம் சேலை மாதிரி ஆகிவிடும்.

ஆனால் கட்டினவனுடைய உண்மையான சாமர்த்தியம் பின்பக்கத்தில் இருந்தது. ஒவ்வொரு படுக்கை அறைக்கும் பின்னால் ஒரு குளிப்பறை. ஒவ்வொரு குளிப்பறைக்கும் பின்புறம் ஒரு சின்னக் கதவு. அந்தக் கதவைத் திறந்தால் பின் தாழ்வாரம். அங்கிருந்து முற்றத்துக்கு இறங்க இரும்புச் சுருள்படி. வெந்நீர் ஏறுவதும் அழுக்குத் தண்ணீர் இறங்குவதும் அந்த வழிதான். நானும் அந்த வழிதான். கூரையில் தொங்குகிற பங்கா என்ற துணிவிசிறியை இழுக்கிற கயிறுகூட அறைச் சுவரில் ஒரு ஓட்டை வழியாகக் குளிப்பறைக்குள் வந்து, தலைக்கு மேலே ஓடி, அடுத்த சுவரைத் துளைத்துக்கொண்டு தாழ்வாரத்துக்குப் போகும். இழுக்கிறவர் அங்கே உட்கார்ந்திருப்பார். அவர் யாருக்கு விசிறுகிறார் என்று அவருக்குத் தெரியாது. விசிறிக்கொள்கிறவர்களுக்கு அவர் முகம் தெரியாது. காற்று மட்டும் வரும்.

வேலைக்குச் சேர்ந்த அன்று பட்லர் எனக்குச் சொன்ன முதல் சட்டம் இது: அறைக்குள் இருக்கும்போது காலடிச் சத்தம் கேட்டால் குளிப்பறைக்குள் போய்விட வேண்டும். இருமக் கூடாது, தும்மக் கூடாது. பிறகு பின்கதவு வழியாக இறங்கிவிட வேண்டும். நான் அதில் கெட்டிக்காரி ஆகிவிட்டேன். மூன்று வருஷத்தில் ஒரு துரையும் என்னை அறைக்குள் வைத்துப் பார்த்தது கிடையாது.

என் புருஷன் கிராமப் பள்ளிக்கூடத்தில் பைபிள் சொல்லிக்கொடுக்கிற உபதேசியாராக இருந்தார். கல்யாணமாகி இரண்டே வருஷத்தில் காய்ச்சலில் போய்விட்டார். குழந்தை இல்லை. அண்ணன் வீட்டில் மதினி முகத்தைப் பார்த்துச் சாப்பிட என்னால் முடியவில்லை. என் குணம் அப்படி. மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்த லேஸ் பின்னலும் தையலும் கையில் இருந்தன, வந்துவிட்டேன். சாராயம் ஊற்றுகிற இடத்தில் வேலை பார்க்கிறாள் என்று வேதக்கோயிலில் பெண்கள் ஒதுங்கி உட்கார்ந்தார்கள். ஓட்டலில் மற்ற வேலைக்காரர்கள் வேதக்காரி என்று என்னோடு சேர்ந்து சாப்பிடமாட்டார்கள். துரைசாணிகளோ ஒருத்தியோடு ஒருத்தி பேசிக்கொண்டே, முகத்தைக்கூடத் திருப்பாமல், கிழிந்த கவுனை என் கையில் போடுவார்கள், சுவரில் இருக்கிற ஆணியில் மாட்டுகிற மாதிரி. சில நாள் காலையிலிருந்து விளக்கு வைக்கிற வரைக்கும் ஒரு வார்த்தை பேசாமலேயே போய்விடும். திங்கட்கிழமை மட்டும் தொண்டை திறக்கும். அன்றைக்குச் சலவைக்காரி வருவாள்.

அவளோடு எனக்கு எப்போதும் சண்டைதான். ஆற்றங்கரையிலிருந்து கழுதைமேல் மூட்டையோடு வருவாள். நான் ஒவ்வொரு துணியாக வெளிச்சத்தில் விரித்துப் பார்ப்பேன். ஒரு புள்ளி கறை இருந்தால் போதும், பிலுபிலுவென்று பிடித்துக்கொள்வேன். அவளும் வாய்க்காரிதான். "ஆத்துத் தண்ணில தொவைக்கேன், வானத்துத் தண்ணியிலயா தொவைக்கேன்?" என்பாள். ஆனால் மறுவாரம் அந்தக் கறை போயிருக்கும். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவள். நான் அவளை "ஏளா" என்றுதான் கூப்பிடுவேன்.

சித்திரைக் கடைசியில் துரைமார்கள் எல்லாரும் மலைக்குப் போய்விடுவார்கள். ஓட்டலை இரண்டு மாதம் மூடுவது வழக்கம். அந்தச் சனிக்கிழமை காலையிலேயே தங்கியிருந்தவர்கள் போய்விட்டார்கள். வேலைக்காரர்கள் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு ஊர். எனக்குப் போக இடமில்லை. அதை வெளியில் சொல்ல வெட்கப்பட்டு, நானும் ஊருக்குப் போவதாகச் சொல்லி வைத்திருந்தேன். எல்லாரும் போனபின் பைய வந்து என் பின்கட்டு அறையிலேயே இருந்துவிடலாம் என்று நினைப்பு.

மாடியில் கடைசி அறையில் படுக்கை விரிப்புகளை எடுக்கப் பின்படி வழியாகப் போனேன். விரிப்பை மடித்துவிட்டு நிமிர்ந்தால், ஜன்னலுக்கு எதிரே பிரம்பு நாற்காலி. ஜன்னலில் ஆறு. அந்த ஜன்னலைத் துடைத்திருக்கிறேனே தவிர, அதன் வழியாக உட்கார்ந்து பார்த்ததில்லை. யார் இருக்கிறார்கள் என்று உட்கார்ந்துவிட்டேன். கோடையிலும் வற்றாத ஆறு நடுவில் பளபளவென்று ஓடியது; இக்கரையில் வாழைத் தோட்டம், மணலில் யாரோ எருமை குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். எவ்வளவு நேரம் இருந்தேனோ தெரியாது. கூடத்தில் பட்லரின் பூட்ஸ் சத்தம் கேட்டது.

இங்கேதான் என் புத்தி போனது. அவர் துரையல்ல, பட்லர். "விரிப்பு எடுக்க வந்தேன்" என்று நின்றிருந்தால் ஒன்றுமில்லை. ஆனால் மூன்று வருஷப் பழக்கம் காலில் ஊறிப்போயிருந்தது. சத்தம் கேட்டதும் குளிப்பறைக்குள் போய்ச் சுவரோடு சுவராக நின்றேன். மூச்சைக்கூட அடக்கிக்கொண்டேன். அவர் அறைக்குள் வந்தார், ஜன்னல்களை அடைத்தார். திருடன் பின்படி வழியாக வந்தாலும் அறைக்குள் நுழைய முடியாதபடி, குளிப்பறைக் கதவை அறைப்பக்கம் தாழ்ப்பாள் போட்டார். அதுவும் ஆண்டுதோறும் செய்கிற வழக்கம். போகட்டும், பின்கதவு இருக்கிறதே என்று நான் நிம்மதியாக இருந்தேன். அவர் சத்தம் ஓய்ந்தபிறகு பின்கதவைத் தள்ளினால் அசையவில்லை. நான் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் யாரோ வந்து வெளியே பூட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

அப்போதாவது கத்தியிருக்க வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்ததைச் சொல்ல வேண்டுமே என்று கூச்சம். தைரியம் வந்து கதவைத் தட்டியபோது போர்டிகோவில் வண்டி புறப்படுகிற சத்தம் கேட்டது.

நான்கு பக்கமும் இரண்டு முழக் கனச் சுவர். உச்சியில் காற்றுக்காக இரண்டு பிளவு. மேலே பங்காக் கயிறு. மூலையில் ஒரு தகரத் தொட்டி. பானைகளைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். ஒரே ஒரு பானையின் அடியில் நாலு மடக்குத் தண்ணீர் கிடந்தது. மாடித் தளத்தில் வெயில் ஏற ஏற அறை அடுப்பு மாதிரி ஆனது. கத்தினேன். கை வலிக்கத் தட்டினேன். பிறகு உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டேன்: இப்போது என்னைத் தேடுகிறவர் யார்? பட்லர், நான் ஊருக்குப் போய்விட்டேன் என்று நினைப்பார். அண்ணன், நான் ஓட்டலில் இருக்கிறேன் என்று நினைப்பார். இரண்டு மாதம் கழித்துக் கதவைத் திறப்பார்கள். அதற்கு முன்னால் என்னைக் காணோம் என்று சொல்ல இந்த உலகத்தில் ஒரு ஆள் கிடையாது. தாகத்தைவிட அந்த நினைப்புத்தான் என்னைக் கொன்றது.

ஒரே ஒரு ஆள் வளாகத்தில் இருந்தார், காவல்காரர். தோப்புக்கு அப்பால் வாசல் குடிசையில் இருப்பார், சாயங்காலம் ஒருமுறை கட்டடத்தைச் சுற்றி வருவார். அன்று சாயங்காலம் அவர் இருமல் கேட்டது. தொட்டியைக் கவிழ்த்து அதன்மேல் ஏறி, பிளவில் வாயை வைத்து, "தண்ணீ! தண்ணீ! ஏசுவே, தண்ணீ!" என்று அலறினேன். பங்காக் கயிற்றையும் பிடித்து இழு இழு என்று இழுத்தேன்.

பாவம் மனுஷன். ரொம்ப காலத்துக்கு முன் அந்தக் கடைசி அறையில் ஒரு துரைசாணி காய்ச்சலில் செத்துப்போனாள் என்று ஓட்டலில் ஒரு பேச்சு உண்டு. பூட்டிக்கிடக்கிற வீட்டில், ஆளில்லாத தாழ்வாரத்தில், கயிறு தானாக ஏறி இறங்குகிறது. மேலே ஒரு பொம்பிளைக் குரல் தண்ணீர் கேட்கிறது. அவர் ஓடின ஓட்டம் எனக்கு இங்கே கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கோயில் மணி அடித்தது. பாளையங்கோட்டையிலிருந்து நன்றாகவே கேட்கும். என் இடம் காலியாக இருப்பதை யாராவது பார்ப்பார்களா என்று காத்திருந்தேன். ஆராதனை முடிந்து ஜனங்கள் போகிற இரண்டாம் மணியும் அடித்து ஓய்ந்தது. அன்றைக்கு அழுததைப் போல நான் என் புருஷனுக்காகக்கூட அழுததில்லை. அழுதால் தண்ணீர் செலவாகும் என்று பிறகு நிறுத்திக்கொண்டேன்.

உச்சிப்பொழுதுக்குச் சுருட்டு வாசனை வந்தது. காவல்காரர்தான். சுருள்படிக்குக் கீழே நின்று நடுங்குகிற குரலில் சொல்லிக்கொண்டிருந்தார்: "தாயி, சுருட்டு வச்சிருக்கேன். சோடா வச்சிருக்கேன். அவிச்ச முட்ட வச்சிருக்கேன். வாங்கிக்கிட்டுப் போயிரு தாயி. நான் பிள்ளகுட்டிக்காரன்." செத்துப்போன துரைமாருக்கு இப்படிப் படைக்கிற வழக்கம் எங்கள் சீமையில் உண்டு. துரைசாணி சுருட்டுப் பிடிப்பாளா என்று அவருக்குச் சந்தேகம் வரவில்லை. நான், "அண்ணாச்சி, நான்தான், தையலம்மா" என்று கத்தினேன். தொண்டை வறண்டு, கரகரவென்று ஏதோ ஒரு சத்தம்தான் வந்தது. அவர் மறுபடியும் ஓடிவிட்டார். கீழே, கைக்கெட்டாத இடத்தில், எனக்காக ஒரு சோடா இருந்தது. அதை நினைத்துச் சிரிப்பும் வந்தது. அந்தச் சிரிப்பைக் கேட்டு நானே பயந்தேன்.

திங்கட்கிழமை விடிந்தபோது பானையில் ஈரம்கூட இல்லை. தரையில் கன்னத்தை வைத்துப் படுத்திருந்தேன். வெயில் ஏறின நேரத்தில் கீழே முற்றத்தில் கழுதை கத்துகிற சத்தம். பிறகு பேச்சுக்குரல். அவள்தான்.

"தையலம்மா எங்க அண்ணாச்சி?"

"எல்லாரும் ஊருக்குப் போயாச்சு. நீயும் போ. இங்கன நிக்காத. மேல துரைசாணி நடமாட்டமா இருக்கு."

"பங்காத் துணிய இன்னிக்குக் கொண்டாரச் சொன்னாகளே. கஞ்சி சரியில்லேன்னா மூஞ்சியில எறிவேன்னாக. எறியாம எப்பிடி ஊருக்குப் போவாக?"

"உனக்குக் கிறுக்கா? மேல கொரலு கேக்குது, கயிறு தானா ஆடுது. தண்ணி கேக்குது, ஏசுவே ஏசுவேன்னு கூப்பிடுது."

"பேயி ஏசுவேன்னா கூப்பிடும்?"

"துரைசாணியும் வேதக்காரிதானளா!"

"தமிழ்லயா கூப்பிட்டா?"

"இத்தன வருசமா இங்கனயே கெடக்கா. தமிழ் வராதா?"

பிறகு இரும்புப் படியில் காலடிச் சத்தம். ஒவ்வொரு படியாக, நின்று நின்று. அவளுக்கும் பயம்தான் என்று பிறகு சொன்னாள். கதவுக்கு வெளியே மூச்சு வாங்குவது எனக்குக் கேட்டது.

"உள்ள ஆரு? துரைசாணியா, தையலம்மாவா?"

நான் கதவைச் சுரண்டினேன். குரல் வரவில்லை.

"தையலம்மான்னா ஒரு ஏச்சு ஏசுங்க பாப்போம்."

எங்கிருந்து வந்ததோ எனக்கு அந்தப் பலம்! "ஏளா மூதி! போன வாரம் மேஜை விரிப்பத் துருக்கறையோட கொண்டாந்தியே, உனக்குக் கண்ணு என்ன பொடதியிலயா இருக்கு? கதவத் தொறளா!" என்றேன். பாதி வார்த்தை காற்றாகத்தான் போயிருக்கும்.

"அவுகதான்! அண்ணாச்சி, அவுகதான்!" என்று அவள் அலறினாள்.

சாவி பட்லரோடு போய்விட்டது. பூட்டில் கை வைத்தால் தன் வேலை போய்விடும் என்று காவல்காரர் கீழேயே நின்றார். அவள் முற்றத்திலிருந்து ஒரு கருங்கல்லைத் தூக்கிக்கொண்டு வந்தாள். துணி அடித்துப் பழகின கை. நாலாவது அடியில் பூட்டு தெறித்து விழுந்தது.

வெளிச்சத்தில் அவள் முகத்தைப் பார்த்தேன். மூன்று வருஷமாகத் துணியை வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தவள், அவள் முகத்தை அப்படி ஒரு நாளும் பார்த்ததில்லை. தன் மத்தியானச் சாப்பாட்டுக்குக் கொண்டு வந்திருந்த கலயத்தை எடுத்தவள், சட்டென்று நிறுத்தினாள். "நீங்க எங்க நீராகாரத்தக் குடிப்பியளா?" என்றாள். நான் பிடுங்கிக் குடித்தேன். "பைய, பைய, புரையேறிரும்" என்று என் முதுகைத் தடவினாள். எனக்குப் புருஷன் போனபிறகு என் முதுகில் பட்ட முதல் கை அது. அழுகை அடங்கவேயில்லை. அவள் மூட்டையிலிருந்து வெளுத்த பங்காத் துணியை உருவி என் முகத்தைத் துடைத்தாள். மொடமொடவென்று முகத்தில் உரசியது.

"கஞ்சி சரியா இருக்காம்மா?" என்றாள்.

சிரித்துவிட்டேன். சிரித்துக்கொண்டே, "உன் பேரு என்னளா?" என்று கேட்டேன்.

அவள் துணியை மடித்தபடியே, கோபமில்லாமல் சொன்னாள்: "நீங்க வேலைக்கு வந்த மொத நாளே சொன்னேம்மா."

பிறகு இன்னொருமுறை சொன்னாள்.

இத்தோடு முடித்தால் நல்ல கதையாக இருக்கும். ஆனால் நடந்ததைச் சொல்ல வந்துவிட்டு மறைப்பானேன்? ஆனி மாதம் ஓட்டல் திறந்தபோது பட்லர் உடைந்த பூட்டைப் பார்த்தார். நான் உள்ளே அகப்பட்டுக்கொண்டதைச் சொன்னேன். "துரைமார் அறையில் உனக்கு என்ன வேலை?" என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. விரிப்பு எடுக்கப் போனேன் என்றேன். நாற்காலியைப் பற்றிச் சொல்லவில்லை. பூட்டை உடைத்தது யார் என்றார். அவள் அங்கேதான் மூட்டையோடு நின்றாள். "நான்தான்யா" என்றாள். பூட்டை உடைக்கப் பழகின கையைப் பின்படியில் ஏறவிட முடியாது என்று அவர் அன்றைக்கே அவளை நிறுத்திவிட்டார். நான் ஏதாவது சொல்வேன் என்று அவள் என்னைப் பார்த்தாள். இந்த வேலையும் போனால் நான் எங்கே போவேன் என்ற பயத்தில் தலையைக் குனிந்துகொண்டேன். அப்போதும் மூச்சை அடக்கிக்கொண்டு சுவரோடு சுவராகத்தான் நின்றேன்.

அடுத்த திங்கட்கிழமை வேறு ஒரு ஆள் வந்தார். நன்றாகவே வெளுத்திருந்தார். சண்டை போட ஒன்றுமில்லை. இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு ஆற்றங்கரைக்குப் போய் விசாரித்தேன். குடும்பத்தோடு ஸ்ரீவைகுண்டம் பக்கம் போய்விட்டதாகச் சொன்னார்கள். மாட்டு வண்டி பிடித்து அங்கேயும் போனேன். அணைக்கட்டுக்குக் கீழே துவைக்கிற கற்கள் தோறும் நின்று அவள் பேரைச் சொல்லிக் கேட்டேன். அந்தப் பேரில் இரண்டு பேர் இருந்தார்கள். இரண்டு பேரும் அவள் இல்லை. சாயங்காலம் வரைக்கும் மணலில் உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பினேன்.

அதற்குப் பிறகும் என் வாழ்க்கை தனி வாழ்க்கைதான். இந்த வயதில் அதற்காக யாரையும் நோவதற்கில்லை. அவளுக்காக நான் வாயைத் திறக்காததை நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சு சுடுகிறது, அது சுடட்டும். ஆனால் என்னைக் காணோமே என்று ஒரு திங்கட்கிழமை காலையில் ஒருத்தி முற்றத்தில் நின்று யோசித்தாள், பேய்க்குப் பயந்துகொண்டே படியேறி வந்தாள். அந்த நினைப்பு இருக்கிறவரையில் எனக்கு யாருமில்லை என்று சொல்ல வாய் வருவதில்லை.